மெதுவாக ஓடின கம்ப்யூட்டருக்குத் தண்டம் அழுத கதை

பல்லடத்தில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அக்கம்பக்கத்துப் பனியன் ஜாப்வொர்க் யூனிட்டுகளுக்குக் (கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கிறவர்கள்) கணக்கு எழுதுகிறவள் நான். பவர்டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்கள்) போட்டிருப்பவர்கள், செக்கிங் எடுத்துச் செய்பவர்கள், அயர்னிங் யூனிட் என்று எல்லாமே சின்னச் சின்னக் கணக்கு. டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்), எக்செல், ஜிஎஸ்டி போர்ட்டல், பேங்க் சைட், வாட்ஸ்அப் வெப். என் சிஸ்டத்துக்கு இதைத் தாண்டி ஒரு வேலையும் கிடையாது. இந்த வேலைக்காக ஒரே சிஸ்டத்தில் முப்பதாயிரத்துக்குப் பக்கம் கொட்டினேன். கடைசியில் அதைச் சரி பண்ணியது 1,850 ரூபாய்ச் சாமான் ஒன்று. கேட்க ஆளில்லாமல், கடைக்காரர் சொன்னதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் நிலையில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

சிஸ்டம் வாங்கியது 2014இல். அசெம்பிள் பண்ணியது. ஐ3 நாலாம் தலைமுறை ப்ராசஸர், 4 ஜிபி ராம் (ஓடுகிற வேலையைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரி), 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் (எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் இடம்). விண்டோஸ் 7இல் அது ஓடின வேகத்துக்கு இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வேலை மூன்று மடங்கானபோதுகூட ஈடு கொடுத்தது. 2020 ஜனவரியோடு விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லி, வழக்கமாகப் போகிற கடையில் விண்டோஸ் 10 ஏற்றிக் கொடுத்தார்கள். பிடித்தது சனி. காலையில் ஆன் பண்ணிவிட்டுப் பால் காய்ச்சி, காபி போட்டு, குடித்துவிட்டு வந்தாலும் நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். டேலியைத் திறந்தால் ஒரு நிமிஷம், எக்செல்லைத் திறந்தால் அதைவிட அதிகம். பேங்க் சைட்டில் ஓடிபி வந்து, அதைத் தட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

ஊரடங்கு தளர்ந்து கம்பெனிகள் ஓட ஆரம்பித்ததும் முதல் வேலையாகக் கடைக்குப் போனேன். கடைத் தம்பி கேபினெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஏனுங்கக்கா, இந்தக் காலத்துல 4 ஜிபி ராம் வெச்சு என்னங் பண்றது? இன்னொரு 4 போட்டுரலாம், பறக்குமுங்" என்றான். 2,300 ரூபாய். போட்டு எடுத்து வந்தேன். பறக்கவில்லை. பல மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போது 'திஸ் பிசி'யை ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்டீஸ் பார்த்தேன். 8 ஜிபி போட்டிருக்கிறது, ஆனால் பயன்படுத்த முடிவது மூணேகால் ஜிபி சொச்சம்தான் என்று இருந்தது. அதே கடையில் ஏற்றிய விண்டோஸ் 32 பிட். சாதாரணமாக நம் கைக்கு வரும் 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு ராம் போட்டாலும் தொடாது. அந்த 2,300 ரூபாய் ராம் மூன்று வருஷம் மதர்போர்டில் அலங்காரத்துக்கு நின்றது.

ராம் போடச் சொன்னால் முதலில் இதைப் பாருங்கள். அதே ப்ராப்பர்டீஸ் பக்கத்தில் 'சிஸ்டம் டைப்' என்று ஒரு வரி இருக்கும். 32 பிட் என்றிருந்தால், 64 பிட் விண்டோஸ் ஏற்றாமல் ராம் வாங்கிப் பிரயோசனமில்லை. உங்கள் போர்டு டிடிஆர்3 ராம் எடுக்குமா, டிடிஆர்4 எடுக்குமா என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வெட்டு இருக்கிற இடம் வேறு, ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று உட்காராது. எக்செல், டேலி, பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப் என்று வேலை பார்ப்பவர்களுக்கு 8 ஜிபி தாராளம். 16 ஜிபி இருந்தால் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் அது இல்லாததால் உங்கள் சிஸ்டம் மெதுவாக இருக்கிறது என்று சொல்லுகிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

அடுத்த வருஷம் கிராஃபிக்ஸ் கார்டு. இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. எக்செல்லில் பெரிய சம்பள ஷீட்டைக் கீழே நகர்த்தினால் திரை விட்டுவிட்டு வரும். அதைச் சொன்னதும், "அது டிஸ்ப்ளே பிரச்சனைங்கக்கா, 2 ஜிபி கார்டு ஒண்ணு போட்டுட்டா கம்முனு ஓடும்" என்று 4,600 வாங்கினார்கள். ஐ3 ப்ராசஸருக்குள்ளேயே டிஸ்ப்ளேக்கு வேண்டியது இருக்கிறது. டேலிக்கும் எக்செல்லுக்கும் அதற்குமேல் தேவையில்லை. தனிக் கார்டு வேண்டியது கேம் ஆடும் பையன்களுக்கு, வீடியோ எடிட்டிங் பண்ணுகிற ஸ்டூடியோக்காரர்களுக்கு, முப்பரிமாண டிசைன் வரைகிறவர்களுக்கு. போட்ட பிறகு மாறியது ஒன்றே ஒன்றுதான், இன்னொரு ஃபேன் சத்தம் கூடியது. இடையிடையே ஃபார்மேட் அடித்ததற்கு ஐந்நூறு ஐந்நூறாகப் போனதை எண்ணி வைக்கவில்லை. ஃபார்மேட் அடித்தால் இரண்டு வாரம் நன்றாக ஓடும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

பெரிய அடி விழுந்தது 2023இல். மாசப் பிறப்பு தாண்டி, ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டிய நேரம். சிஸ்டம் டேலியில் பாதியில் நின்று நின்று போகிறது. பயந்துபோய்க் கடைக்குக் கொண்டுபோனேன். "நாலாம் ஜெனரேஷன்லாம் மியூசியத்துக்குப் போயாச்சுங்கக்கா. போர்டு, ப்ராசஸர், ராம் மூணையும் மாத்திருங்க. அஞ்சு வருசத்துக்கு இந்தப் பக்கமே வர வேண்டியதில்லைங்" என்றார்கள். பழையதை எடுத்துக்கொண்டது போக 19,500. பத்தாம் தலைமுறை ஐ3, புதுப் போர்டு, டிடிஆர்4 ராம் 8 ஜிபி. சீட்டுப் பணத்தில் கை வைத்துத்தான் கட்டினேன். பத்தாம் தேதி ராத்திரி சிஸ்டம் வீட்டுக்கு வந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, கணக்கு எழுதாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். மாதக் கணக்குப் போடுகிறவர்கள், போட்ட பில்களைக் காட்டுகிற ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னை அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் போட வேண்டும். 14ஆம் தேதி, பில்லை வாங்கினவர் பக்கம் 2பி என்ற அறிக்கை உருவாகும். நாம் கெடுவுக்குள் ஏற்றின பில் மட்டும்தான் அந்த மாத 2பியில் வரும். விட்டால், வாங்கினவருக்கு அந்த வரிக்கான கிரெடிட் (கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்வது) ஒரு மாதம் தள்ளிப் போகும். திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனிகள் இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள். 2பியில் வரவில்லையென்றால் ஜாப்வொர்க் பில்லில் உள்ள 5 சதவீத வரியை நிறுத்தி வைத்துக்கொண்டுதான் பேமென்ட் போடுவார்கள். சின்ன யூனிட்டுக்கு அந்த 5 சதவீதம்தான் சனிக்கிழமைச் சம்பளத்தில் துண்டு விழாமல் காப்பாற்றுவது.

அந்த ராத்திரி சிஸ்டத்தை ஆன் பண்ணினால் டேலி 'எஜுகேஷனல் மோட்' என்கிறது. அந்த மோடில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளைத் தவிர வேறு தேதியில் என்ட்ரி போட விடாது. சி டிரைவை ஃபார்மேட் அடித்தபோது லைசென்ஸ் போய்விட்டது. டேலி லைசென்ஸ் அந்தந்த மெஷினோடு பிணைக்கப்பட்டது. மெஷினைப் பிரிப்பதற்கு முன்னால் டேலிக்குள்ளேயே லைசென்ஸை 'சரண்டர்' கொடுத்துவிட்டு, புது மெஷினில் மறுபடி ஆக்டிவேட் பண்ண வேண்டும். கடையில் இதை யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. சரி, இப்போது ஆக்டிவேட் பண்ணலாம் என்று சீரியல் நம்பரைப் போட்டால், திறவு எண் அட்மின் ஈமெயிலுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று வருகிறது. அந்த ஈமெயில் என்னுடையதில்லை. வருஷக்கணக்குக்கு முன் எனக்கு லைசென்ஸ் விற்றவர், பதிவு பண்ணும்போது தன் மெயிலையே போட்டிருக்கிறார். அவர் தொழிலை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டார். போனை எடுக்கவில்லை. அவரைத் தேடிப் பிடித்து, லைசென்ஸை என் பெயருக்கு மாற்றுவதற்குள் கெடு தாண்டிவிட்டது.

இரண்டு யூனிட்டுக்காரர்களுக்குப் பேமென்ட்டில் வரிப்பணம் நின்றது. அதில் ஒருவர் வயதானவர், பவர்டேபிள் போட்டிருப்பவர். நேரில் வந்தார். கத்தவில்லை. "ஏன் அம்மிணி, உன்ற கம்ப்யூட்டர் கெட்டுப்போனதுக்கு நான் ஏனம்மா ஆளுக்காரங்ககிட்ட அடுத்த வாரம்னு சொல்லோணும்?" என்று கேட்டார். பதில் இல்லை. அவர் போன பிறகு, இருபதாயிரம் ரூபாய்க்குப் புதிதாக மின்னிக்கொண்டிருந்த அந்த டப்பாவைத் தூக்கி வாசலில் போடலாமா என்றிருந்தது. தாமதக் கட்டணம் ஒரு ரிட்டர்னுக்கு நாளுக்கு 50 ரூபாய், அதை என் கையிலிருந்துதான் கட்டினேன்.

அதனால் இதைப் படிக்கிற கணக்காளர்கள் யாராக இருந்தாலும், சிஸ்டம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, டேலி லைசென்ஸில் அட்மின் ஈமெயில் யாருடையது என்று இன்றைக்கே பாருங்கள். உங்களுடையதாக இல்லாவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள். ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் லைசென்ஸைச் சரண்டர் கொடுங்கள். 5ஆம் தேதியிலிருந்து 20ஆம் தேதி வரைக்கும், உயிர் போகிற அவசரமாக இருந்தாலொழிய, ஓடுகிற சிஸ்டத்தைக் கழற்ற விடாதீர்கள். 11க்குப் பிறகு 20ஆம் தேதி 3பி (வரி கட்டுகிற மாத ரிட்டர்ன்) இருக்கிறது. மாதக் கடைசி வாரம்தான் இதற்கெல்லாம் நல்ல நேரம்.

இன்னொரு கூத்து அந்தச் சனிக்கிழமை. சம்பளச் சீட்டும் டெலிவரி சலானும் நான் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில்தான் எடுப்பேன். சலான் மூன்று நகல் வேண்டும், கார்பன் வைத்த தாளில் ஊசி அடித்தால்தான் ஒரே அடியில் மூன்றும் விழும். லேசர் பிரிண்டரில் அது நடக்காது. என் பிரிண்டர் 25 பின் பேரலல் போர்ட்டில் மாட்டுகிற பழையது. புதுப் போர்டின் பின்னால் தடவிப் பார்க்கிறேன், அப்படி ஒரு போர்ட்டே இல்லை. அன்றைக்குச் சம்பளச் சீட்டுகளைக் கையால் எழுதினேன். அப்புறம் பேரலல் போர்ட் கார்டு ஒன்று 900 ரூபாய்க்கு வாங்கிப் போட்டோம். போர்டு மாற்றச் சொன்னால், உங்கள் சிஸ்டத்தின் முதுகைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பிரிண்டர், மானிட்டர், எம்ப்ராய்டரி டிசைன் சாஃப்ட்வேருக்கான டாங்கிள் (போர்ட்டில் மாட்டுகிற லைசென்ஸ் சாவி), என்னென்ன எங்கெங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்து, அத்தனை போர்ட்டும் புதுப் போர்டில் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். கேபினெட்டுக்குள் இருப்பதன் விலையைத்தான் எல்லோரும் சொல்லுவார்கள். அதோடு ஒட்டிக்கொண்டிருப்பதை மாற்றுவதற்கு ஆகிற செலவைச் சொல்ல மாட்டார்கள். முன்னே சொன்ன 2,300 ரூபாய் ராம் டிடிஆர்3 என்பதால் இந்தப் போர்டில் உட்காரவே இல்லை. அதை மட்டும் கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

இத்தனைக்கும் பிறகு, லைசென்ஸ் வந்து, பிரிண்டர் ஓடி, எல்லாம் அடங்கி உட்கார்ந்து வேலையைத் தொடங்கினால் சிஸ்டம் அதே மெதுவில் ஓடுகிறது. பால் காய்ச்சலாம், காபி குடிக்கலாம். அன்றைக்கு நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

அழுது முடித்துவிட்டுத்தான் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். அதில் சிபியு (ப்ராசஸர்), மெமரி (ராம்), டிஸ்க் என்று பக்கத்துப் பக்கத்தில் சதவீதம் ஓடும். சிபியு ஏழு, எட்டு என்று கிடக்கிறது. மெமரி பாதிகூட இல்லை. டிஸ்க் மட்டும் சிவந்துபோய் 100இல் நிற்கிறது. டேலியைத் திறக்கிறேன், 100. ஒன்றுமே பண்ணாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அப்போதும் 100. கட்டிங்கிலிருந்து பீஸ் வராமல் டைலர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, இன்னும் நாலு டைலரை வேலைக்குச் சேர்த்த கணக்கு இது. போர்டையும் ப்ராசஸரையும் ராமையும் மாற்றியவர்கள் 2014ஆம் வருஷத்து ஹார்ட் டிஸ்கை எடுத்து அப்படியே மாட்டியிருக்கிறார்கள்.

அந்த ஹார்ட் டிஸ்குக்குள் தகடு நிமிஷத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றுகிறது. மேலே ஒரு கை அங்கும் இங்கும் நகர்ந்து எழுதுகிறது, படிக்கிறது. பெரிய ஃபைல் ஒன்றை ஒரே மூச்சில் படிக்கச் சொன்னால் நன்றாகவே படிக்கும். அங்கொன்று இங்கொன்றாகச் சிதறிக் கிடக்கிற குட்டிக் குட்டி ஃபைல்களை எடுக்கச் சொன்னால், நொடிக்கு நூறு, நூற்றைம்பது தடவைக்கு மேல் அந்தக் கையால் நகர முடியாது. விண்டோஸ் 7 அதற்கு ஏற்ற மாதிரி இருந்தது. விண்டோஸ் 10 நமக்குத் தெரியாமலே அப்டேட் இறக்கும், வைரஸ் தேடும், தேடலுக்காக ஃபைல்களையெல்லாம் பட்டியல் போடும். அத்தனையும் டிஸ்கின் தலையில்தான் விடியும். ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடுகிற எஸ்எஸ்டியில் சுற்றுகிற தகடும் இல்லை, நகர்கிற கையும் இல்லை. சிதறின ஃபைல்களை நொடிக்குப் பல்லாயிரம் தடவை எடுத்துத் தரும்.

கோயம்புத்தூர் போகிற வேலை இருந்தது. காந்திபுரத்தில் இறங்கி, ஒரு கடையில் 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினேன், 1,850 ரூபாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை யூடியூபைப் பார்த்து நானே மாட்டினேன். ஒரு டேட்டா கேபிள், ஒரு பவர் கேபிள், நாலு ஸ்க்ரூ, வேறொன்றும் இல்லை. அதில் விண்டோஸை ஏற்றி (இந்தத் தடவை லைசென்ஸைச் சரண்டர் கொடுத்துவிட்டு) ஆன் பண்ணினேன். அரை நிமிஷத்துக்குள் திரை வந்து, அடுத்த கட்டளைக்குக் காத்து நின்றது. சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது.

பழைய போர்டிலேயே இதை மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி மனசை அரித்துக்கொண்டே இருந்தது. அதற்கும் பதில் கிடைத்தது. என் கொழுந்தனார் மங்கலம் ரோட்டில் சின்னதாக நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறார். அங்கே ஆபீஸ் ரூமில் இருப்பதும் நாலாம் தலைமுறை சிஸ்டம்தான். "அண்ணி, இதையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கீரலாம்னு இருக்கேன்" என்றார். ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் பிரஷ்ஷும் ப்ளோயருமாகப் போனேன்.

பக்கக் கதவைக் கழற்றியதும் ப்ராசஸர் ஃபேனைக் காணோம். ஃபேன் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை இருந்தது. நிட்டிங் மெஷினிலிருந்து பறக்கிற பஞ்சு, வருஷக்கணக்காக உள்ளே இழுக்கப்பட்டு, ஃபேனுக்கும் கீழே இருக்கிற அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே படிந்து, கெட்டியாக அமுங்கியிருந்தது. நகத்தால் ஓரத்தை நெம்பி இழுத்தேன். வட்டமாக, ஒரே துண்டாக உரிந்து வந்தது, நடுவில் ஃபேன் அச்சு இருந்த ஓட்டையோடு. காற்றுப் போக வழியே இல்லாததால் ப்ராசஸர் சூடாகி, சூடு ஏறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அது ப்ராசஸரைக் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. ஆனால் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு 'சிஸ்டம் பழசாயிருச்சு' என்று தோன்றும். தகடுகளைச் சுத்தம் பண்ணி, ப்ராசஸர்மேல் சூட்டைக் கடத்தத் தடவியிருந்து, காய்ந்து பொடியாகிவிட்ட பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தறிகெட்டுச் சுற்ற விட்டால் கெட்டுப்போகும். நம் ஊர்ப்பக்கம் நிட்டிங், விசைத்தறி, ஸ்பின்னிங் மில் இருக்கிற இடத்தில் சிஸ்டம் வைத்திருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பார்ப்பது நல்லது. தரையில் வைக்காமல் மேஜைமேல் வைத்தாலே பாதி பஞ்சு குறையும்.

அவர் சிஸ்டத்தில் ஜிஎஸ்டி போர்ட்டல் திறப்பதே இல்லை, பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது, அதற்கும் 'பழைய சிஸ்டத்துல இனிமே வராதுங்க' என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மூலையில் தேதியைப் பார்த்தால் பல வருஷம் பின்னாலே நிற்கிறது. போர்டில் வட்டமாக ஒரு சின்ன பேட்டரி இருக்கும், சிஆர் 2032 என்று போட்டிருக்கும். அது தீர்ந்துபோனால், மெயினை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் எந்த பேங்க் சைட்டும் போர்ட்டலும் திறக்காது. பேட்டரி 40 ரூபாய். எஸ்எஸ்டி ஒன்று போட்டு, 64 பிட் விண்டோஸ் ஏற்றி, என்னிடம் கிடந்த அந்த டிடிஆர்3 ராமையும் காலியாக இருந்த ஸ்லாட்டில் மாட்டிவிட்டேன். இப்போது என் பத்தாம் தலைமுறை சிஸ்டத்தையும் அவருடைய நாலாம் தலைமுறை சிஸ்டத்தையும் பக்கத்தில் வைத்து டேலியைத் திறந்தால், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கணக்கு வேலைக்கு அதுதான் உண்மை.

அப்படியானால் எதையுமே மாற்ற வேண்டாமா என்று கேட்டால், அப்படிச் சொல்ல மாட்டேன். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பதை ஏற்காது. எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் 2017 கடைசியில்தான் வந்தன. அதற்கு முந்தைய சிஸ்டம் எவ்வளவு வேகமாக ஓடினாலும், அதில் பேங்க் பாஸ்வேர்டும் ஜிஎஸ்டி பாஸ்வேர்டும் தட்டிக்கொண்டே வருஷக்கணக்கில் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேகத்துக்காக மாற்றாதீர்கள், பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனால் மாற்றத்தான் வேண்டும். வீட்டு உபயோக விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அப்டேட் கொடுக்கிறார்கள், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்து பதிவு பண்ண வேண்டும். கொழுந்தனார் இன்டர்நெட் வேலைகளை என்னிடம் கொடுத்துவிட்டு, அந்தச் சிஸ்டத்தை நெட் இல்லாமல் சலான் போடவும் நூல் ஸ்டாக் எழுதவும் மட்டும் வைத்துக்கொண்டார். கடைக்காரர் சொன்னதில் ஒரே ஒரு நன்மை இங்கேதான் விளைந்தது. என் பத்தாம் தலைமுறை சிஸ்டம் விண்டோஸ் 11க்குத் தேறிவிட்டது. அவர் இதை நினைத்துச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

அதுவும் உடனே தேறவில்லை. முதலில் 'இந்தச் சிஸ்டத்தில் விண்டோஸ் 11 ஓடாது' என்றுதான் வந்தது. மறுபடியும் போர்டா என்று வயிற்றைக் கலக்கியது. விஷயம் என்னவென்றால், விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். அது இன்டெல் ப்ராசஸரிலேயே இருக்கும், ஆனால் பல போர்டுகளில் பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன்னால் போர்டே காட்டுகிற செட்டிங் பக்கம்) அணைத்து வைத்திருப்பார்கள். பயாஸுக்குள் போய் 'பிடிடி' என்று இருப்பதை (டிபிஎம்முக்கு இன்டெல் வைத்த பெயர்) 'எனேபிள்' பண்ணினேன், 'செக்யூர் பூட்' என்பதும் ஆனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பைசா செலவில்லாமல் முடிந்தது. 2018க்குப் பிறகு வாங்கின சிஸ்டம் வைத்திருப்பவர்கள், 'இதுல விண்டோஸ் 11 வராதுங்க' என்று யாராவது சொன்னால் முதலில் இதைச் சோதித்துவிடுங்கள்.

உண்மையிலேயே வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலைக்கு வந்தவர்களுக்கு ஒரு யோசனை. பெரிய கம்பெனிகள் லீஸ் முடிந்து வெளியே தள்ளுகிற டெல், ஹெச்பி, லெனோவோ ஆபீஸ் டெஸ்க்டாப்கள் செகண்ட்ஸில் கிடைக்கின்றன. எட்டாம் தலைமுறை ஐ5க்குக் குறையாமல், எஸ்எஸ்டியோடு, பில்லும் வாரன்ட்டியும் எழுதித் தருகிற இடத்தில் எடுங்கள். கடையிலேயே ஆன் பண்ணி, தலைமுறை எது, ராம் எவ்வளவு, விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். அலங்கார விளக்கு எரிகிற கேபினெட்டைவிட, நல்ல யுபிஎஸ் ஒன்றுக்குப் பணம் போடுவது மேல். நம் பக்கம் கரன்ட் போய் வருகிற அழகுக்கு, ஹார்ட் டிஸ்க் கெட்டதில் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. யுபிஎஸ் பேட்டரியும் இரண்டு மூன்று வருஷத்தில் சோர்ந்துவிடும், யுபிஎஸ்ஸையே மாற்றச் சொன்னால் முதலில் பேட்டரி விலையைக் கேளுங்கள்.

எஸ்எஸ்டி போட்டவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹார்ட் டிஸ்க் சாகப்போகும்போது டக் டக் என்று சத்தம் போட்டு, மெதுவாகி, கொஞ்சம் அவகாசம் கொடுக்கும். எஸ்எஸ்டி பெரும்பாலும் சத்தம் போடாமல் போய்விடும், காலையில் ஆன் பண்ணினால் இருக்காது. அதனால் டேலி டேட்டாவை நான் தினமும் வேலை முடிந்ததும் பென்டிரைவில் ஒரு நகல், வாரம் ஒரு தடவை வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் எடுக்கிறேன். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. டிஸ்க் நலமா என்று நிறத்தில் காட்டும். நீலம் என்றால் பரவாயில்லை, மஞ்சள் வந்தால் அன்றைக்கே டேட்டாவை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். என் பழைய ஹார்ட் டிஸ்க் மஞ்சளில்தான் இருந்தது.

அந்தப் பழைய டிஸ்கைக் கடையில் கேட்டார்கள், இருநூறு ரூபாய் கழித்துக்கொள்கிறோம் என்று. கொடுக்கவில்லை. எத்தனையோ யூனிட்டுகளின் பில், பேங்க் விவரம், ஆட்களின் ஆதார் நகல் எல்லாம் அதில் இருந்தது. ஃபார்மேட் அடித்தாலும் மீட்டெடுக்க முடியும். நீங்களும் மாற்றினால், டிஸ்கை மட்டும் கையோடு எடுத்து வந்துவிடுங்கள். வேண்டாமென்றால் கழற்றி, உள்ளே இருக்கிற தகட்டைச் சுத்தியலால் நாலு போடு போட்டு, அப்புறம் எலெக்ட்ரானிக் கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுங்கள்.